பரிசல் கட்டுவோம், கணக்கும் போடுவோம்



பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம், மோகனூர் என்று காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பரிசலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமிருந்து வரும் நண்பர்களுக்காக ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். மூங்கில் பிளாச்சால் பின்னிய ஒரு பெரிய கூடை, அதன் வெளிப்புறத்தில் ஒரு தோல் அல்லது துணி, அதன்மேல் தார். அவ்வளவுதான் படகு! ஆணி கிடையாது, பலகை கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கூடக் கிடையாது.

'இதுல என்னப்பா இன்ஜினியரிங் இருக்கு?' என்று கேட்காதீர்கள். ஹைட்ராலிக்ஸில் மிதப்பு, மெட்டாசென்டர் என்று படிக்கிறோம். மெட்டீரியல் லேபில் தாரை உருக்கி ரிங் அண்ட் பால் டெஸ்ட் செய்கிறோம். ரிசல்ட்டை ரிக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு அந்தத் தார் நமக்கு மறந்துவிடும். இந்த இரண்டு பாடமும் ஒன்றாகச் சந்திக்கிற இடம் பரிசல்தான். ஆற்றின் நடுவில் ஆளைத் தாங்குவது மூங்கில் என்று பலரும் நினைக்கிறார்கள். மூங்கில் உருவத்தை மட்டும்தான் பிடித்து வைக்கிறது. தண்ணீரை வெளியே நிறுத்தி ஆளைக் காப்பாற்றுவது ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் கனம்கூட இல்லாத அந்தக் கறுப்புப் பூச்சுதான்.

கொஞ்சம் பழைய கதை

கன்னடத்தில் இதற்கு ஹரிகோலு என்று பெயர், தெலுங்கில் புட்டி. சுமார் 1520-ல் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேரைச் சுமக்கும், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும் என்கிறார். அந்தச் சுற்றல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது! 1803-ல் மராத்தியப் போரின்போது ஆர்தர் வெல்லெஸ்லி தன் படைகள் தக்காணத்து ஆறுகளைக் கடக்க இந்தக் கூடைப்படகுகளையே செய்யச் சொன்னார். நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான். மதராஸ் ராஜதானியில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1930-களில் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

வெளிநாட்டிலும் இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. ஈராக்கில் டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய குஃபா நம் பரிசலைப் போலவே வட்டமானது. அங்கே தரையிலிருந்து இயற்கையாகவே தார் ஊறிவருவதால் கூடையின்மேல் நேரடியாகத் தாரைப் பூசினார்கள். வேல்ஸ் நாட்டுப் பரிசலுக்கு ஒரு காலத்தில் தோல், பிறகு தார் தேய்த்த பருத்தித் துணி. நம் ஊரிலும் அதே மாற்றம்தான் நடந்தது. மாட்டுத்தோல் போய் உரச்சாக்கும் பிளாஸ்டிக் ஷீட்டும் வந்தன. இப்போது சில இடங்களில் கண்ணாடியிழைப் பரிசலும் வந்துவிட்டது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறவர்களும், ஒகேனக்கலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறவர்களும் இன்றைக்கும் பரிசலை விடவில்லை.

தோலை மட்டமாக எண்ண வேண்டாம். 1976-ல் டிம் செவரின் என்பவர் அயர்லாந்திலிருந்து தோல் போர்த்திய ஒரு படகில் கிளம்பினார். மரச்சட்டத்தின்மேல் ஓக் மரப்பட்டையில் பதனிட்ட 49 மாட்டுத்தோல்கள், அதன்மேல் ஆட்டு ரோமக் கொழுப்பு. ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு 1977 ஜூனில் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டார். வழியில் பனிக்கட்டி மோதித் தோல் கிழிந்தது. உறைய வைக்கும் கடல் தண்ணீரில் குனிந்து ஒரு தோல் துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டு மேலே போனார்கள். பலகைப் படகோ இரும்புப் படகோ நடுக்கடலில் உடைந்தால் கோணி ஊசியால் தைக்க முடியுமா?

சரி, கட்டுவது எப்படி?

முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும், மூன்று வயதுக்கு மேற்பட்டது நல்லது. இளசாக இருந்தால் அதிலுள்ள மாவுச்சத்துக்குத் துளைப்பூச்சி வந்துவிடும். வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவது இதற்காகத்தான். மாவுச்சத்து கரைந்து போய்விடும். (பட்டா நிலத்து மூங்கிலை வெட்ட முன்பு வனத்துறை அனுமதி என்று ஒரு தலைவலி இருந்தது. 2017-ல் வனச்சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று ஆக்கிவிட்டார்கள்.)

எட்டடிப் பரிசலுக்கு எவ்வளவு நீளப் பிளாச்சு வேண்டும்? அடிப்பாகம் 8 அடி, இரண்டு பக்கமும் ஏறுவது தலா 2 அடி, விளிம்பில் மடித்துக் கட்ட இன்னும் ஓர் அடி. ஆக 13 அடி. குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலுமாகத் தரையில் பரப்பிப் பின்ன வேண்டும். நடுவில் கல்லைப் பாரம் வைத்து, ஓரங்களைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மேலே வளைத்துக்கொண்டு வர வேண்டும். பிளாச்சின் பச்சைத்தோல் பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். மூங்கிலில் நார் நெருக்கமாக இருப்பது அந்தப் பக்கம்தான், வளைக்கும்போது இழுவிசை வருவதும் அந்தப் பக்கம்தான். பெண்டிங் மொமென்ட் டயகிராம் போட்டவர்களுக்கு இது புரியும்.

விளிம்பில் சோம்பல் படக்கூடாது. பல பிளாச்சுகளைச் சேர்த்து முறுக்கி, கை கொள்ளாத கனத்துக்கு ஒரு வளையமாக நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். மேலே இந்த வளையம் இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தம் கூடையை உள்ளே தள்ளி நசுக்கிவிடும்.

பின்னி முடித்ததும் துணி போர்த்த அவசரப்படாதீர்கள். கூடையின் வெளிப்புறம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கணு எங்கே குத்துகிறதோ, சிம்பு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் கத்தியால் சீவி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பரிசல் ஓட்டையாவது ஆற்றுப் பாறையால் மட்டுமல்ல. உள்ளிருந்து கணு உரசி உரசித் துணி தேய்ந்தும் ஓட்டை விழும். கையில் சிராய்ப்பு விழுகிற இடம் துணியிலும் கிழியும், இதற்கு டெஸ்டிங் மெஷின் தேவையில்லை.

துணி தாங்குமா?

எட்டடி என்றால் சுமார் 2.4 மீட்டர் விட்டம். கணக்குக்காக அடி தட்டை, சுவர் நேர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 4.5 சதுர மீட்டர் வரும். ஆகவே பரிசல் ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 45 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதாவது 45 கிலோவைத் தாங்கும். பரிசலின் எடை 50 கிலோ, ஏறுவது 60 கிலோ வீதம் பத்துப் பேர் என்றால் மொத்தம் 650 கிலோ. அமிழ்வது 14 சென்டிமீட்டர் சொச்சம். இரண்டடி ஆழக் கூடையில் முக்கால் பாகம் தண்ணீருக்கு மேலே நிற்கிறது! 

14 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்தம் எவ்வளவு? பிளாச்சுகளுக்கு நடுவே 10-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அந்தத் துணித்துண்டின்மேல் வரும் சுமை ஒன்றரைக் கிலோகூட இல்லை. சாதாரண காடாத் துணியே இதைத் தாங்கும். ஆகவே பிரச்சினை துணியின் பலத்தில் இல்லை, துணியின் கண்களில் இருக்கிறது.

மெழுகு தேய்த்த துணியில் மழைத்தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும். 'அப்புறம் தார் எதுக்கு, மெழுகு போதுமே' என்று தோன்றலாம். போதாது. துணியின் ஒரு கண் 0.1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மெழுகு பூசிய அந்தக் கண்ணுக்குள் தண்ணீர் நுழையாமல் பரப்பு இழுவிசை தடுத்து நிறுத்துவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும்தான். நம் பரிசலின் அடியில் இருப்பது 14. மேலே விழுகிற மழையை விரட்டுவது வேறு, அடியில் நின்று அழுத்துகிற தண்ணீரை நிறுத்துவது வேறு. பின்னதற்குக் கண்ணையே அடைத்தாக வேண்டும்.

தையல் இதைவிட மோசம். கோணி ஊசி போடும் ஓட்டை 3 மில்லிமீட்டர் என்றால், ஆரிஃபிஸ் சூத்திரத்தில் சி.டி. 0.6 என்று போட்டுப் பாருங்கள். ஓர் ஓட்டையில் நிமிடத்துக்கு 0.4 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். அடைக்காத ஓட்டை இருபது இருந்து, அக்கரை சேர இருபது நிமிடம் ஆனால் உள்ளே வந்திருப்பது 170 லிட்டர்! ஆகவே தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே கூடுமானவரை தையலே வேண்டாம். 13 அடிச் சதுரமாக ஒரே துண்டு கிடைத்தால் வெட்டாமல் கூடையைக் கவிழ்த்துப் போர்த்தி, ஓரத்தில் விழும் சுருக்கங்களைக் கொசுவம் மாதிரி மடித்து மேலே விளிம்போடு மட்டும் தைத்துவிடலாம். அகலம் போதாமல் இணைத்தே ஆக வேண்டுமென்றால் ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இரட்டை மடிப்புத் தையல் போட்டு, அதன்மேல் நான்கு விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி ஒட்டித் தார் பூச வேண்டும்.

எந்தத் தார்?

ரோடு போடுகிற இடத்தில் ஒரு டின் வாங்கிப் பூசினால் போதும் என்பது பொதுவான எண்ணம். நண்பர்களே, இங்கேதான் நம் லேப் ரிக்கார்டைத் திறக்க வேண்டும். முன்பு 80/100 என்று சொன்ன சாலைத்தார் இப்போதைய ஐ.எஸ். 73-ன்படி வி.ஜி. 10. அதன் இளகுநிலை குறைந்தபட்சம் 40 டிகிரி இருந்தால் போதும். வி.ஜி. 30-க்கு 47 டிகிரி. சித்திரை வெயிலில் கவிழ்த்து வைத்த ஒரு கறுப்புப் பரிசலின் முதுகு 60 டிகிரியைத் தாண்டும். தார் இளகி ஓரத்துக்கு வழிந்து இறங்கிவிடும். மேலே பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும், கண்கள் மட்டும் திறந்திருக்கும். ஆடியில் தண்ணீர் வந்ததும் 'போன வருஷம்தானே பூசினோம்' என்று இறக்கினால் நடு ஆற்றில்தான் தெரியும்.

இதற்குக் காற்றூதிய தார் என்று ஒன்று உண்டு. மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஒழுகாமல் போடுவது, ஐ.எஸ். 702-ல் 85/25 என்று வரும். 85 என்பது இளகுநிலை, 25 என்பது பெனிட்ரேஷன். வேலூர் வெயிலுக்கு இது வழியாது. ஆனால் சற்றுக் கெட்டியானது. பரிசல் மிதிக்க மிதிக்க நெளிகிற பொருள் என்பதால் ஒரேயடியாகக் கனமாக அப்பினால் வெடிப்பு விடும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுவதே சரி.

அடுத்த கேள்வி துணி. உரச்சாக்கின் எச்.டி.பி.ஈ. இழை ஏறக்குறைய 130 டிகிரியில் உருகிவிடும். 160 டிகிரியில் கொதிக்கிற தாரை நேரே அதன்மேல் ஊற்றினால் சாக்கு சுருங்கி முகத்தைச் சுளிக்கும். நூறு டிகிரி பக்கம் ஆறவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், அல்லது குளிர்ந்த நிலையிலேயே பூசும் பிட்டுமன் எமல்ஷன் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த பிளாஸ்டிக்கில் எதுவும் சுலபமாக ஒட்டாது. நெசவின் சந்துகளுக்குள் தார் புகுந்து பிடித்துக்கொண்டால்தான் உண்டு. ஆகவே பளபளவென்று லேமினேஷன் செய்த தார்ப்பாய் பார்க்க அழகாக இருந்தாலும் பூச்சு உரிந்து வரும். லேமினேஷன் இல்லாத வெறும் நெசவுச் சாக்கே மேல்.

என்னைக் கேட்டால் பள்ளிபாளையம், ஈரோடு பக்கம் கிடைக்கும் கனமான காடாத் துணிக்கே முதல் ஓட்டு. பருத்தி தாரைக் குடிக்கும், சூட்டைத் தாங்கும். ஆனால் தறியிலிருந்து வந்தபடியே பூசக்கூடாது. பாவுக்குப் போட்ட கஞ்சி இழையில் இருக்கும்வரை தார் உள்ளே இறங்காது. வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, கூடையின்மேல் இழுத்துப் போர்த்த வேண்டும். முதல் பூச்சு சூடாகவும் மெல்லியதாகவும், பிரஷ்ஷால் நெசவுக்குள் குத்திக் குத்தித் தேய்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது துணியை மூலைவாட்டில் ஒட்டலாம். கடைசிப் பூச்சு காய்வதற்குள் மெல்லிய மணலைத் தூவி, மறுநாள் சுண்ணாம்பு அடித்துவிட்டால் கையில் ஒட்டாது, வெயில் சூடும் குறையும். பருத்தி ஈரத்தில் இற்றுப்போகும் என்பது உண்மைதான். ஆற்றை விட்டு ஏறியதும் கவிழ்த்து உலர்த்தினால் அந்தக் கவலை பாதி தீர்ந்தது.

தாரைக் காய்ச்சும்போது டின்னில் துளித் தண்ணீரும் இருக்கக்கூடாது. பொங்கி வழிந்து அடுப்பில் தீப்பிடிக்கும். அடுப்பின்மேல் இருக்கும் தாரில் மண்ணெண்ணெய் ஊற்றி இளக்குகிற வேலையே கூடாது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். உருகிய தார் தோலில் பட்டால் பிய்த்து எடுக்காமல் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி ஆறவைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பூசியது சரியா என்று பார்க்க ஆறு வரைக்கும் போக வேண்டாம். பூசும்போதே அதே துணியில் அதே பூச்சோடு ஒரு கைக்குட்டை அளவுத் துண்டைத் தனியே செய்து வையுங்கள். நான்கு அங்குல பி.வி.சி. பைப்பின் அடியில் அதை இறுக்கிக் கட்டி, பைப்பில் ஒன்றரை அடி உயரம் தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரித்து ஒருநாள் தொங்கவிடுங்கள். பரிசலின் அடியில் வருவதைப் போல மூன்று மடங்கு அழுத்தம் இது. தாள் நனையாவிட்டால் பாஸ்.

கால் நனைவதோடு நிற்காது

'கொஞ்சம் தண்ணி வந்தா என்ன, மொண்டு ஊத்திக்கலாம்' என்கிறோமே, அதற்கும் ஒரு கணக்கு போடுவோம். நம் பத்துப் பேர் பரிசலின் பி.எம்., விட்டத்தின் வர்க்கத்தை அமிழ்ந்த ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தது, சுமார் 2.5 மீட்டர். உட்கார்ந்திருப்பவர்களின் ஈர்ப்பு மையத்தைக் கழித்தாலும் மெட்டாசென்ட்ரிக் உயரம் 2.2 மீட்டர் வரும். இவ்வளவு வந்தால் பரிசல் மலைபோல் நிற்கும் என்று அர்த்தம்.

பத்துப் பேரும் ஒரே பக்கமாக இரண்டடி நகர்ந்தால் 14 டிகிரி சாயும். அதையே எழுந்து நின்று செய்தால், ஈர்ப்பு மையம் ஏறுவதால், 19 டிகிரி. விளிம்பு தண்ணீரைத் தொடுவது 21-ல். இந்தச் சூத்திரம் சின்னச் சாய்வுக்குத்தான் பொருந்தும்; அடிப்பாகம் தண்ணீரை விட்டுத் தூக்கிய பிறகு நிஜம் இதைவிட மோசம். பரிசலில் ஏறினதும் 'ஏனுங்க, நடுவுல உக்காருங்க, எந்திரிக்காதீங்க' என்று பரிசல்காரர் சத்தம் போடுவது இந்த இரண்டு டிகிரிக்காகத்தான்.

இப்போது உள்ளே 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறிவிட்டது என்று வையுங்கள். கணுக்கால்கூட மூழ்காது. எடை 226 கிலோ, ஏறக்குறைய நான்கு பேர் டிக்கெட் இல்லாமல் ஏறிய மாதிரி. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அடி முழுவதும் பரவிய தண்ணீர், பரிசல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். இந்தக் கட்டற்ற நீர்ப்பரப்பின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவை மிதப்புப் பரப்பின் இனர்ஷியாவிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டும் அதே 2.4 மீட்டர் வட்டம்தான்! கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ சைபர். ஈர்ப்பு மையத்தையும் கழித்தால் மைனஸில் போகும். மலைபோல் நின்ற பரிசல், முதல் சில டிகிரிக்கு எதிர்ப்பே இல்லாமல் சாய ஆரம்பிக்கும். பயந்துபோய் நாலு பேர் எழுந்தால் முடிந்தது.

பரிசலின் அடி தாம்பாளம்போல் தட்டையாக இல்லாமல் சற்றுக் குழிவாக இருப்பதன் அருமை இங்கே தெரியும். கசிந்த தண்ணீர் நடுக்குழியில் சேரும். தேங்கும் வட்டத்தின் விட்டம் பாதியானால் இனர்ஷியா, விட்டத்தின் நான்காம் அடுக்கு என்பதால், பதினாறில் ஒன்றாகிவிடும். மொள்ளுவதற்கும் ஒரே இடம். ஆகவே பின்னும்போது நடுவில் வைக்கிற கல்லைச் சின்னதாக வைத்து ஏமாற்ற வேண்டாம்.

சேலம்–கரூர் நெடுஞ்சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் கோடையில் காவிரி மணல்காடாகத் தெரியும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அதே இடத்தில் மணல் அள்ளிய குழிகளும் சுழலும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். முதல் வெள்ளோட்டத்தைக் கிணற்றிலோ ஏரி ஓரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி, உள்ளே எவ்வளவு கசிகிறது என்று ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள். ஆற்றில் இறங்குவதானால் லைஃப் ஜாக்கெட்டும் பழகிய பரிசல்காரர் ஒருவரும் கட்டாயம். கூலிக்கு ஆளேற்றுவது உரிமத்தோடு செய்ய வேண்டிய தொழில், நம் வேலையல்ல.

ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடுவது பஞ்சர் கடை வேலைதான். நன்றாகக் காயவைத்து, மணலைச் சுரண்டி, ஓட்டையைவிட நாலு விரல் பெரிய துணியைச் சூடான தாரோடு அழுத்த வேண்டும். ஈரத்தின்மேல் தார் ஒட்டவே ஒட்டாது. பருவம் முடிந்ததும் நிழலில், கரையான் ஏறாதபடி கற்களின்மேல் கவிழ்த்து வையுங்கள். அடுத்த வருடம் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு மத்தியானம் கவிழ்ந்த பரிசலை வெயிலுக்கு இழுத்து, அதற்குள் புகுந்து, தரையோர இடுக்குகளைச் சாக்கால் மூடிவிட்டு மேலே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கெங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

– மூன்றாமாண்டு மாணவர், அமைப்பியல் துறை